எட்டு மதிப்பெண் சாட்சி

புதன்கிழமை நான்காவது பாடவேளையில், ஆசிரியர் அறையில் உட்கார்ந்து புதிய வரலாற்றுப் பாடத்திட்டத்தின் மாதிரி வினாத்தாளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, பதினான்காம் பக்கத்தில் என் அம்மாவைப் பார்த்தேன். படம் இல்லை, பெயரும் இல்லை. ‘சான்று இ: தொலைபேசி நிலைய ஊழியர், பெண், வயது 24, விசாரணைக் குழு முன் அளித்த வாக்குமூலம்’ என்று தலைப்பு, அதற்குக் கீழே நான்கு வரிகள். அந்த நான்கு வரிகளையும் நான் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பேன். மற்ற வீடுகளில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போது நரியும் காக்காயும் வரும். எங்கள் வீட்டில் மூன்று நீதிபதிகள் வருவார்கள். அம்மா எழுந்து நின்று, தலையை நிமிர்த்தி, நீதிபதி கேட்டதையும் தான் சொன்னதையும் இரண்டு குரலில் பேசிக் காட்டுவாள். நான் வாயைத் திறந்து கேட்டுக்கொண்டிருப்பேன், அவள் அந்த நேரம் பார்த்து உருண்டையை உள்ளே தள்ளுவாள்.

வாக்குமூலத்துக்குக் கீழே கேள்வி இருந்தது. ‘சான்று இ-யை எந்த அளவுக்கு நம்பலாம்? காரணம் காட்டுக. (8 மதிப்பெண்)’. தாளின் பின்பக்கத்தில் ஆசிரியர்களுக்கான விடைக்குறிப்பு. ‘சாட்சிக்குத் தன் வேலையைக் காப்பாற்றிக்கொள்ளும் நோக்கம் இருந்திருக்கலாம் என்று சுட்டும் விடைகளுக்கு உயர் மதிப்பெண் தருக. அப்படியே நம்பி எழுதும் விடைகளுக்கு மூன்றுக்கு மேல் தர வேண்டாம்.’ இருபத்துமூன்று வருடமாக எத்தனையோ விடைக்குறிப்புகளைப் படித்திருக்கிறேன். ஒன்றைப் படித்ததும் தாளைக் குப்புறக் கவிழ்த்து வைத்தது அன்றைக்குத்தான்.

நடந்தது இதுதான். ஐம்பத்திரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மழைநாள் மதியம் ஊருக்கு மேலே இருந்த சிறிய அணை உடைந்தது. கீழே தாழ்வான தெருக்களில் நாற்பத்தொரு பேர் செத்தார்கள். கரை விரிசல் விட்டதைப் பார்த்து தொலைபேசி நிலையத்துக்குக் கூப்பிட்டுச் சொன்னதாக அணைக் காவலாளி சத்தியம் செய்தான். அப்போது நிலையத்தில் தனியாக இருந்த அம்மா, அப்படி ஒரு அழைப்பே வரவில்லை என்றாள். விசாரணைக் குழு அம்மாவை நம்பியது. ‘தெளிவான, தடுமாற்றமில்லாத சாட்சி’ என்று அறிக்கையிலேயே எழுதியது. காவலாளிக்கு ஏழு வருடம் கிடைத்தது, நான்காவது வருடம் உள்ளேயே போய்ச் சேர்ந்தான். அம்மாவுக்குத் தற்காலிக வேலை ஒரே மாதத்தில் நிரந்தரமானது. பிறகு மேற்பார்வையாளர், பிறகு சொந்த வீடு, பிறகு நான், என் கல்லூரிப் படிப்பு, இதோ இந்த நாற்காலி. எங்கள் குடும்பத்தில் வேறு யாரும் எதற்கும் பாராட்டு வாங்கியதில்லை. எல்லாம் அந்த நான்கு வரியின் மேல் நின்றது.

இப்போதைய பாடத்திட்டம் இந்த வருடத்தோடு முடிகிறது. அடுத்த பத்தாம் வகுப்புக்குத் தேர்வு வாரியம் இரண்டு திட்டங்களை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லியிருந்தது. முதல் திட்டத்தில் அரசர்கள், போர்கள், உடன்படிக்கைகள். செத்து முந்நூறு வருடமான யாரைப் பற்றியும் யாரும் எதையும் எழுதிக்கொள்ளலாம். இரண்டாம் திட்டத்தில் வட்டார வரலாறு என்று ஒரு ஆதாரத் தாள், அதன் முழுப் பொருளும் அணை உடைப்பு. எங்கள் பள்ளியில் ஆதாரத் தாள் எப்போதும் என் கையில்தான். இரண்டாம் திட்டம் வந்தால், வருடா வருடம் நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்று, இந்தப் பெண் பொய் சொன்னாளா, யோசித்து எழுதுங்கள் என்று நான் கேட்க வேண்டும். ஆம் என்று எழுதியவர்களுக்கு மார்க்கும் போட வேண்டும். ஓய்வு பெற இன்னும் பன்னிரண்டு வருடம் இருந்தது.

எங்கள் வரலாற்றுத் துறை மூன்றே பேர். துறைத் தலைவர், எதை ஆரம்பித்தாலும் ‘சுருக்கமா சொல்லணும்னா’ என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுவதால் அவருக்குச் சுருக்கம் என்று பெயர். போன வருடம் சேர்ந்த சின்னப் பெண் ஒருத்தி, அவளுக்கு நான் வைத்த பெயர் புதுசு, அது தெரிந்தும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். அப்புறம் நான். எனக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியும், இங்கே எழுதுவதாக இல்லை. அந்தத் தொலைபேசிப் பெண் என் அம்மா என்பது மூன்று பேரில் எனக்கு மட்டுமே தெரியும். சொல்லியிருக்கலாம். சொன்னால் சுருக்கம் முகம் மலர்ந்து, "அப்படியா டீச்சர்! அம்மாவையே ஒருநாள் வகுப்புக்குக் கூட்டிட்டு வாங்களேன், பிள்ளைங்க நேர்லயே கேக்கட்டும்" என்பார். அந்த மனிதரை எனக்குத் தெரியும்.

இப்படித் தேர்ந்தெடுக்கும்போது எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இரண்டு திட்டத்திலிருந்தும் தலா ஒரு எட்டு மதிப்பெண் கேள்வியைப் பிள்ளைகளிடம் கொடுத்து எழுதச் சொல்வோம். அதில் எட்டுப் பேருடைய விடைகளை, பெயரை மறைத்து எண் போட்டு, மூன்று நகல் எடுப்போம். மூன்று பேரும் தனித்தனியாகத் திருத்தி, மதிப்பெண்ணை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு ஒட்டிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் பிரித்துப் பார்ப்போம். எந்தத் திட்டத்தில் சராசரி அதிகமோ அதற்கே பள்ளி போகும். நான்தான் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒருவர் முகத்தைப் பார்த்து ஒருவர் மார்க் போடக் கூடாது என்று அப்போது பெரிய நியாயம் பேசினேன்.

வியாழக்கிழமை காலை பிள்ளைகள் எழுதினார்கள், சாயங்காலம் நான் என் நகல்களோடு வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தேன். என்ன செய்யப் போகிறேன் என்று முடிவெடுத்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தேன். இரண்டாம் திட்டத்தின் விடைகளை மட்டும் கீழே இறக்க வேண்டும், அவ்வளவுதான். மார்க் போடுவதில் நான் கஞ்சம் என்று பிள்ளைகளுக்குத் தெரியும், கஞ்சத்தனத்தில் இன்னும் கொஞ்சம் கூடினால் யாருக்குத் தெரியப் போகிறது. ஆனால் மார்க்கில் கள்ளத்தனம் செய்தது கிடையாது. அதுவரை கிடையாது.

எட்டில் மூன்று பேர் சாட்சியை நம்பியிருந்தார்கள். ஒருவன், ‘அவர் அரசு ஊழியர் என்பதால் உண்மை பேசுவார்’ என்று எழுதியிருந்தான். வேறொரு நாளாக இருந்தால் அதற்கு ஓரத்தில் ஒரு கிண்டல் எழுதி ஒரு மார்க் போட்டிருப்பேன். அன்றைக்கு அந்த அசட்டு வரியை இரண்டு தடவை படித்தேன். ஆறு போட்டேன். மற்ற இரண்டு பேருக்கும் ஆறு. நம்பாத ஐந்து பேரில் நான்கு பேருக்கு இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு.

கடைசியாகக் கையில் எடுத்தது ஏழாம் எண். பெயரை மறைத்தால் மட்டும் போதுமா, அந்தக் கிறுக்கல் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியாதா. இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து, நான் மூச்சு விடும் இடைவெளியில் எல்லாம் கையைத் தூக்குகிற பெண். குறுக்குக்கேள்வி என்றுதான் அவளைக் கூப்பிடுவேன். அவள் வேலையைப் பற்றியோ நோக்கத்தைப் பற்றியோ ஒன்றும் எழுதவில்லை. இப்படி எழுதியிருந்தாள்: ‘நீதிபதி கேட்டது, அன்று மதியம் அணையிலிருந்து அழைப்பு ஏதும் வந்ததா என்று. சாட்சி சொன்னது, மூன்று பத்துக்கு எனக்கு எந்த அழைப்பும் வரவில்லை என்று. சாட்சி இதைச் சொன்ன தேதி ஒன்பது. மூன்று பத்துக்குக் கூப்பிட்டேன் என்று காவலாளி சொன்ன தேதி பன்னிரண்டு. அதுவரை அவர் மருத்துவமனையில் நினைவில்லாமல் இருந்தார் என்று சான்று ஆ சொல்கிறது. அப்படியானால் மூன்று பத்து என்று சாட்சிக்கு யார் சொன்னது?’

காவலாளியின் வாக்குமூலமான சான்று ஆ-வைப் பார்த்தேன். பன்னிரண்டுதான். சான்று இ-யைப் பார்த்தேன். ஒன்பதுதான். அம்மா நடித்துக் காட்டும்போதும் மூன்று பத்துதான், நூறு தடவை கேட்டிருக்கிறேன். வரலாறு படித்து, வரலாறு சொல்லிக்கொடுத்து, ஆதாரத்தை எப்படித் துருவ வேண்டும் என்று ஊருக்கெல்லாம் வகுப்பெடுத்த எனக்கு ஒரு தடவை கூடத் தோன்றவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு, இருபது நிமிடத்தில் தோன்றியிருக்கிறது. அந்த நேரத்தில் அவள்மேல் எனக்கு வந்த வெறுப்பை வேறு எந்த மனிதப் பிறவிமேலும் நான் உணர்ந்ததில்லை. ‘கற்பனை. கேட்டது ஆதாரம்’ என்று சிவப்பில் எழுதி, இரண்டு மார்க் போட்டு, உறையை ஒட்டினேன்.

எழுந்து பார்த்தால் அம்மா கூடத்தில் என் பையைத் திறந்து வைத்துக்கொண்டு வினாத்தாளைப் படித்துக்கொண்டிருந்தாள். என் பையைக் குடைவது அவளுக்குப் பிறப்புரிமை. ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்கிச் சம்பளம் வாங்கியவள், மகள் பையை விடுவாளா. மூக்குக்கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"ஏண்டி, நான் புஸ்தகத்துலயே வந்துட்டேனே! வயசு கூட சரியாப் போட்டிருக்கான் பாரு, இருபத்தி நாலு."

"அது மாதிரித் தாள்மா. இன்னும் முடிவாகல."

"பிள்ளைங்க என்ன எழுதியிருக்குங்க என்னைப் பத்தி?"

"நாளைக்குத்தான் உறையைப் பிரிப்போம். அதுக்கு முன்னாடி சொல்லக் கூடாது."

"ரகசியமாக்கும்" என்று சொல்லிவிட்டு மறுபடி முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை சுருக்கம் மூன்று உறைகளையும் பிரித்து, மதிப்பெண்களைக் கரும்பலகையில் மூன்று வரிசையாக எழுதினார். முதல் திட்டத்தில் மூன்று பேரும் ஏறக்குறைய ஒன்றாகவே போட்டிருந்தோம். இரண்டாம் திட்டத்துக்கு வந்ததும் சாக்குக்கட்டி நின்றது. அவர் பலகையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு பலகையில் மூன்று எண்களுக்கு வட்டம் போட்டார்.

"சுருக்கமா சொல்லணும்னா டீச்சர்," என்றார், வாழ்க்கையில் முதல்முறையாகச் சுருக்கமாகவே சொன்னார், "சாட்சியை நம்புன மூணு பேருக்கும் ஆறு. நம்பாத அஞ்சு பேருக்கும் ரெண்டும் ஒண்ணும். விடைக்குறிப்பு அப்படியே தலைகீழா இருக்கே."

எல்லாருக்கும் ஒரே மாதிரிக் குறைத்திருந்தால் கஞ்சத்தனம் என்று போயிருக்கும். நம்பியவர்களைக் குறைக்க எனக்கு மனம் வரவில்லை, அதுதான் என்னை மாட்டிவிட்டது. இந்த மனிதரை இத்தனை வருடம் மண்டு என்று நினைத்து வைத்திருந்தேன்.

"அக்கா, ஏழாம் நம்பரை நல்லாப் படிச்சீங்களா?" என்றாள் புதுசு. "எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. நான் எட்டு போட்டேன், சாரும் எட்டு. நீங்க ரெண்டு."

"ஊகத்துக்கெல்லாம் மார்க் கிடையாது."

"ஊகம் எங்கக்கா இருக்கு? ரெண்டு தேதியைத்தானே பக்கத்துல பக்கத்துல வச்சிருக்கா."

"கூப்பிட்டுக் கேட்டுடுவோம்" என்றார் சுருக்கம். எழுந்துபோய், தாழ்வாரத்தில் போய்க்கொண்டிருந்த யாரிடமோ சொல்லி அனுப்பினார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

குறுக்குக்கேள்வி வந்து கதவருகே நின்றாள். மூன்று ஆசிரியர்களையும் பலகையில் இருந்த வட்டங்களையும் பார்த்து மிரண்டாள். நான் அவள் விடைத்தாளை நீட்டி, படி என்றேன். படித்தாள். குரல் நடுங்கியது. எனக்கு அது பிடித்திருந்தது.

"யார் சொன்னதுன்னு கேட்டிருக்கியே, யார் சொன்னது? பதில் எங்க?"

"பதில் சான்றுல இல்ல மிஸ். அதான் கேள்வியா விட்டேன்."

"பதில் தெரியாத கேள்வியைப் போட்டு ஒரு பொம்பளையைப் பொய்க்காரின்னு சொல்லிடலாம். அப்படித்தானே?"

"பொய்யின்னு நான் எழுதல மிஸ்..."

"உங்கம்மா என்ன வேலை பாக்குறாங்க?"

அவள் சுருக்கத்தைப் பார்த்தாள். அவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"துணிக்கடையில நிக்கிறாங்க மிஸ்."

"நாளைக்குக் கடையில ஒரு பொருள் காணாமப் போகுது. உங்கம்மாவைக் கூப்பிட்டுக் கேக்குறாங்க. நான் எடுக்கலன்னு சொல்றாங்க. நீ இதே மாதிரி உக்காந்து எழுதுவியா, எங்கம்மாவை எந்த அளவுக்கு நம்பலாம்னு? எட்டு மார்க்குக்கு?"

"அக்கா, போதும்" என்றாள் புதுசு.

பெண்ணுக்குக் கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. போன வருடச் சீருடை போல, கை நீளம் போதவில்லை, அதை இழுத்து இழுத்துத் துடைத்துக்கொண்டாள். அழவிட்டேன். அழுது முடித்து ஓடிவிடுவாள், விஷயம் அதோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி பேசினாள்.

"எப்போ காணாமப் போச்சுன்னு யாருமே சொல்றதுக்கு முன்னாடி, மூணு பத்துக்கு நான் எடுக்கலன்னு எங்கம்மா சொன்னா... எழுதுவேன் மிஸ்."

சுருக்கம் அவளை வகுப்புக்குப் போகச் சொன்னார். அவள் போனபிறகு பலகையில் என் வரிசையை மட்டும் அழித்தார். மீதி இரண்டு வரிசையைக் கூட்டினார்கள். இரண்டாம் திட்டம். பள்ளி முத்திரை குத்தி, அன்றைக்கே வாரியத்துக்கு அனுப்பிவிட்டார்கள்.

"ஆதாரத் தாள் புதுசுக்குப் போகட்டுமா சார்?" என்று கேட்டேன். அவளுக்கு நான் வைத்த பெயர் அவள் முன்னாலேயே வாயில் வந்துவிட்டது.

"எதுக்கு? நீங்களே நடத்துங்க" என்றார் சுருக்கம், தேநீர்க் குவளையைக் கழுவப் போய்க்கொண்டே. "அந்தப் பொண்ணு மாதிரி நாலு பேர் வந்தாங்கன்னா நமக்குத்தானே பேரு. விடைக்குறிப்பை மட்டும் ஒரு தரம் நல்லாப் படிச்சுக்கோங்க."

மீதிப் பாடவேளைகளை எப்படி நடத்தினேன் என்று நினைவில்லை. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் ஒன்றையே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். எழுபத்தாறு வயதுக்காரி. ஐம்பத்திரண்டு வருடமாக ஒரே ஒரு பெருமையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பள்ளிக்கூடத்தில் தோற்றது அவளுக்குத் தெரிய வேண்டாம். பிள்ளைகள் என்ன எழுதினார்கள் என்று கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு செய்து வைத்திருந்தேன். நாளைக்கே அவள் போய்ச் சேர்ந்தாலும் நிம்மதியாகப் போகட்டும்.

செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்டுவிட்டாள். மேசையில் எனக்குத் தட்டும் அவளுக்குத் தட்டும் போட்டு, தலையை வாரி, யாரோ வரப்போவது போலத் தயாராக உட்கார்ந்திருந்தாள்.

"பிரிச்சாச்சா? என்ன எழுதியிருக்குங்க?"

"உன்னை நம்பி எழுதியிருக்காங்கம்மா" என்றேன், எதிரே உட்கார்ந்து அவளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டே.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான். நல்ல சாட்சின்னு எழுதியிருக்காங்க."

வாயருகே கொண்டுபோன கவளத்தை அம்மா இறக்கினாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தேன். அவள் முகத்தில் இருந்தது வேறு. ஒரு கணக்கை மனதுக்குள் போட்டு, விடை வராமல் மறுபடி போடுகிறவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"அந்த மூணு பத்தை ஒண்ணு கூடவா கவனிக்கல?"

நான் என் தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டேன்.

"எட்டுப் பிள்ளைங்க எழுதுச்சு, நீங்க மூணு பேர் உக்காந்து திருத்தியிருக்கீங்க" என்றாள். "அன்னிக்கு வாய் தவறி வந்துடுச்சு, வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா எனக்கு உதறல். காலைல ஆள் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னே இருந்தேன். அந்த மூணு ஜட்ஜும் மரம் மாதிரி உக்காந்திருந்தானுங்க. சரி, அது அந்தக் காலம். உன் பிள்ளைங்களுமா? நீ என்னடி பாடம் நடத்துற அங்க?"

சிரிக்க ஆரம்பித்தாள். உடம்பெல்லாம் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தாள். என்னிடம் ஒரு கேள்வி இருந்தது. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று தெரிந்தது, காவலாளி என்ன சொன்னான், அவள் என்ன செய்துகொண்டிருந்தாள், எல்லாவற்றையும் இரண்டு குரலில் நடித்தே காட்டிவிடுவாள் என்று தெரிந்தது. கேட்கவில்லை.

சிரித்துக்கொண்டே சோற்றை விழுங்கியதில் புரையேறிவிட்டது. இருமினாள். முகம் சிவந்து, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்தாள். நான் எழுந்து அவளுக்குப் பின்னால் போய் நின்று முதுகில் தட்டினேன். உள்ளங்கைக்கு அடியில் எலும்புகள் தட்டுப்பட்டன. இருமல் மெல்ல அடங்கியது. அம்மா கையைத் தூக்கி, போதும் என்று காட்டினாள். நான் தட்டிக்கொண்டிருந்தேன். கையை இன்னும் உயரத் தூக்கி ஆட்டினாள். நான் தட்டிக்கொண்டுதான் இருந்தேன், தேவைக்குக் கொஞ்சம் கூடுதல் பலமாகவே.